பக்கம் பத்தவில்லையா?

அன்புள்ள சார்,

உங்கள் பணி நிறைவு விழாவுக்கு நான் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியது பொய். அன்று வந்திருந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் காரணத்தை இங்கே விரிக்கப்போவதில்லை.

2005 அக்டோபர் 4 சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இயற்பியல் நோபல் பரிசில் பாதி, ஒளியின் குவாண்டம் கோட்பாட்டுக்காக, ராய் கிளாபருக்கு; மறுபாதி ஹாலுக்கும் ஹென்ஷுக்கும். அதே கோட்பாட்டில் உழைத்த இந்திய இயற்பியலாளர் ஈ.சி.ஜி. சுதர்சன் பெயர் இல்லை. நீங்கள் எழுந்துபோய், லேசர் ஒளி போன்ற சீரான ஒளியைக் குறிக்கும் ஓரியல் நிலைகளை வைத்து, சுதர்சனின் அந்த மூலைவிட்டச் சமன்பாட்டைப் பலகையில் முழுசாக எழுதினீர்கள். "எந்த ஒளியையும் இப்படிப் பிரித்து எழுதிவிடலாம். நிகழ்தகவு மாதிரி ஒவ்வொரு நிலைக்கும் கொடுக்கிற இந்த எடை எதிர்மறையானால், அது பழைய ஒளியியலுக்குள் அடங்காத ஒளி." நான் அசட்டுத்தனமாக, "நிகழ்தகவு எப்படி சார் எதிர்மறையாகும்?" என்றேன். அன்றைக்கு நீங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான். "ஆகாது. அதனால்தான் அது நிகழ்தகவு இல்லை." அடியில், சுதர்சனின் கட்டுரை வந்த மாதத்தை, '1963 ஏப்ரல்' என்று எழுதி இரண்டு கோடு போட்டீர்கள். இரண்டாவது கோட்டில் சாக்பீஸ் உடைந்தது.

பிறகு என் கட்டுரை. இடம் போதவில்லை, மேற்கோள்களைக் குறைக்கச் சொன்னார்கள். கிளாபரை வைத்துக்கொண்டு அந்த ஏப்ரல் கட்டுரையை வெட்டினேன். எல்லோரும் செய்வதுதான், உள்நோக்கம் எதுவும் இல்லை, உண்மையிலேயே இடம் இல்லை... இதை எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டேனோ. போனில் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "பக்கம் பத்தவில்லையா?" மன்னியுங்கள் சார்.

ஆனால் நீங்கள் எங்களுக்கு எந்தச் சுதர்சனைக் கொடுத்தீர்கள்? பரிசு கிடைக்காத சுதர்சனை மட்டும். அவருக்குக் கோபம் இருந்தது, நோபல் குழுவுக்குக் கடிதமும் எழுதினார். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே அவர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டிருந்தார். 1976-இல் கோரினி, கோசகோவ்ஸ்கியுடன் எழுதிய சமன்பாடு இல்லாமல், சூழலோடு உறவாடும் குவாண்டம் அமைப்பைப் பற்றி இன்று யாரும் வாய் திறப்பதில்லை. அதை ஒரு நாள்கூட நீங்கள் நடத்தவில்லை. அதே 1963 பிப்ரவரியில் கிளாபர் எழுதியது இருந்ததால்தான் ஏப்ரல் வந்தது என்று சொன்ன பையனை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பினீர்கள். அந்தப் பையன் நான்தான்.

1977-இல் மிஸ்ராவோடு சேர்ந்து அவர் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? ஓயாமல் அளந்துகொண்டே இருந்தால் சிதைய வேண்டியதும் சிதையாமல் நின்றுவிடும். நீங்கள் அந்த 2005-ஐ அப்படித்தான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இந்தப் பருவம் முதல் குவாண்டம் ஒளியியல் பாடத்தை நான் எடுக்கிறேன். குறிப்புகளின் முதல் பக்கத்தில் 1963 ஏப்ரல் இருக்கிறது, அதற்கு மேல் வரியில் பிப்ரவரியும் இருக்கிறது. எதிர்மறை எடைக்கு நீங்கள் வரைந்த படத்தையே போட்டிருக்கிறேன். அதில் ஒரு அம்புக்குறி தலைகீழ் என்று அப்போதே சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. திருத்திவிட்டேன். தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் மாணவன்

(பெயர் வேண்டாம், கையெழுத்து உங்களுக்குத் தெரியும்)