கறுப்புத் திரைக்குக் கார்டு காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், என் டிடிபி கடையின் பழைய ஒர்க்ஸ்டேஷனில் அதற்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட உட்கார்ந்தேன். இரண்டு நாள் போனது.

பென் டிரைவில் இருந்து மெனு வந்தது. என்டர் தட்டியதும் திரை கறுப்பு. உள்ளே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. "கிராபிக்ஸ் கார்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்றார் ரிப்பேர் கடைக்காரர். கார்டு போகவில்லை. அந்த மெனுவிலேயே ஆங்கில 'இ' (e) விசையைத் தட்டி, 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' (nomodeset – கார்டின் டிரைவரை ஒதுக்கி, எளிய திரை முறையில் கிளம்பச் சொல்லும் சொல்) என்று சேர்த்து எஃப்10 அழுத்தினேன். படம் வந்துவிட்டது. (முதல் தடவை இடைவெளி விட மறந்து அரை மணி நேரம் வீணானது தனிக்கதை.)

அப்புறம் ஹார்ட் டிஸ்க்கே கண்ணில் படவில்லை. கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் (BIOS), டிஸ்க்கோடு பேசும் முறை 'ரெய்டு' (RAID) என்றிருந்ததை 'ஏஹெச்சிஐ' (AHCI) என்று மாற்றியதும் தெரிந்தது. விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்பவர்கள் இதை அவசரப்பட்டு மாற்றினால், விண்டோஸ் கிளம்பாமல் நின்றுவிடும். நான் விண்டோஸை வைத்துக்கொள்ளவில்லை, தப்பித்தேன்.

உங்கள் கணினிப் பக்கத்தில் அடுத்த முறை 'எளிதாக நிறுவலாம்' என்று எழுதும்போது, இந்த இரண்டையும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள்.

– டிடிபி கடைக்காரர், கும்பகோணம்