கான்டன் பட்டியலைப் படிக்கும் விதம்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கின் (என்.எஃப்.எல்.) தலைசிறந்த ஆட்டக்காரர்கள் என்று நீ அனுப்பிய பத்துப் பேர் பட்டியலைப் படித்தேன். பெயர்களில் எனக்குப் பெரிய சண்டை இல்லை, வரிசைப்படுத்திய முறையில்தான் சண்டை. ஓய்வு பெறும் நாளில் யாருக்கு எவ்வளவு மொத்தம் என்று பார்த்து, பெரிய எண் மேலே, சின்ன எண் கீழே என்று அடுக்கியிருக்கிறாய். அதனால்தான் ரிசீவர்களில் (வீசும் பந்தைப் பிடித்து முன்னேறுபவர்கள்) 22,895 யார்டு வைத்திருக்கும் ஜெர்ரி ரைஸ் உச்சியில் இருக்கிறார், 7,991 யார்டு வைத்திருக்கும் டான் ஹட்சன் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார். ஒஹாயோவின் கான்டனில் ஹால் ஆஃப் ஃபேம் (இந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் அரங்கம்) திறந்த 1963இல் முதல் தொகுதியாகச் சேர்த்த 17 பேரில் ஹட்சனும் ஒருவர். அவர்கள் தெரியாமல் செய்துவிடவில்லை.

ஹட்சன் கிரீன் பே பேக்கர்ஸுக்காக 1935 முதல் 1945 வரை ஆடினார். 116 ஆட்டம், 488 கேட்ச், 99 டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது). இன்று ஒரு நல்ல ரிசீவர் ஐந்தாறு வருடத்திலேயே 488ஐத் தாண்டிவிடுவார். ஆனால் 1942ஐ மட்டும் தனியாக எடுத்துப் பார். 11 ஆட்டத்தில் 74 கேட்ச், 1,211 யார்டு, 17 டச் டவுன். அந்த வருடம் கேட்ச் கணக்கில் அவருக்கு அடுத்து வந்தவர் பிடித்தது 27. போர்க்காலம், நல்ல ஆட்டக்காரர்கள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நீ சொல்வாய். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு, 1942 முதல் 1945 வரையிலான எண்களில் தள்ளுபடி போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் 1936, 1937, 1939, 1941 ஆகிய சீசன்களிலும் கேட்ச் எண்ணிக்கையில் முதலிடம் அவர்தான். 99 டச் டவுன் என்ற சாதனை 1989 டிசம்பர் வரை நின்றது. அதைத் தாண்டிய சியாட்டிலின் ஸ்டீவ் லார்ஜன்ட் 14 சீசனில் 200 ஆட்டம் ஆடி 100 எடுத்தார்.

ரைஸையும் இதே மாதிரி பார்த்தால் அவருடைய உண்மையான உயரம் தெரியும். 20 சீசன் ஆடியதால் வந்த 22,895ஐ விட எனக்கு 1987தான் பெரிசு. அந்த வருடம் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் அவர் ஆடியது 12 ஆட்டம்தான். அதில் 22 டச் டவுன் பிடித்தார். அடுத்து வந்த பிலடெல்ஃபியாவின் மைக் குயிக்குக்கு 11. ஆக, உன் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரு பத்தி புதிதாகப் போடு: அவருடைய சிறந்த வருடத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தவரின் எண் என்ன? மொத்தத்தைக் கடைசிப் பத்திக்குத் தள்ளு.

அடுத்தது சீசனின் நீளம். ஒரு அணிக்கு 1947 முதல் 1960 வரை 12 ஆட்டம், 1961 முதல் 1977 வரை 14, 1978 முதல் 2020 வரை 16, 2021 முதல் 17. இதைப் பார்க்காமல் ஒரு சீசன் சாதனைகளை ஒப்பிட்டால் கணக்கு எப்போதும் பின்னால் வந்தவர் பக்கமே சாயும். எரிக் டிக்கர்சன் 1984இல் பந்தோடு ஓடிய 2,105 யார்டு சாதனைப் புத்தகத்தில் ஓ.ஜே. சிம்ப்சனின் 2,003க்கு மேலே இருக்கிறது. சிம்ப்சன் அதை 1973இல் 14 ஆட்டத்தில் ஓடினார், டிக்கர்சனுக்கு 16 கிடைத்தது. வகுத்தால் சிம்ப்சனுக்கு ஆட்டத்துக்கு 143, டிக்கர்சனுக்கு 131 சொச்சம்.

ஜிம் பிரவுன் விஷயத்தில் நீ செய்திருப்பது அநியாயம். 12,312 யார்டு என்பதால் அவரை எமிட் ஸ்மித், வால்டர் பேட்டன், பேரி சாண்டர்ஸ் எல்லோருக்கும் கீழே போட்டுவிட்டாய். பிரவுன் ஆடியது 9 சீசன். முதல் நான்கு சீசன் 12 ஆட்டம், பிறகு ஐந்து சீசன் 14 ஆட்டம், கூட்டினால் 118. அவர் ஆடியதும் 118தான், ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்பதில் எட்டு சீசன் லீக்கிலேயே அதிக யார்டு அவருடையது. 1962 ஒன்றில் மட்டும் கிரீன் பேயின் ஜிம் டெய்லர் முந்தினார். ஆட்டத்துக்குச் சராசரி 104.3, ஓட்டத்துக்கு 5.2. பேட்டனுக்கு ஆட்டத்துக்கு 88, ஸ்மித்துக்கு 81. அதுவும் 30 வயதில், இன்னும் ஓட்டம் இருக்கும்போதே விட்டுப் போனார்.

ஆனால் சராசரியை மட்டும் பிடித்துக்கொண்டாலும் தவறுவாய். ஸ்மித்தின் 18,355 யார்டை 4,409 ஓட்டத்தின் பலன் என்று சிலர் மட்டம் தட்டுவார்கள், அவருடைய டாலஸ் அணியின் முன்வரிசைத் தடுப்பாளர்கள் எதிரிகளைத் தள்ளி வழிவிட்டதுதான் என்பார்கள். 4,409 முறை இடி வாங்கிக்கொண்டு எழுந்து நிற்கும் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) கிடைப்பதுதான் அபூர்வம். 1991 முதல் 2001 வரை 11 சீசன் தொடர்ந்து 1,000 யார்டு. 1994 ஜனவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராகத் தோள்மூட்டு விலகிய நிலையில் 32 ஓட்டம், 10 கேட்ச், மொத்தம் 229 யார்டு. சாண்டர்ஸ் வேறு வகை. 10 சீசனில் 15,269, ஆட்டத்துக்கு 99.8. 1997இல் முதல் இரண்டு ஆட்டத்தில் 53 யார்டுதான், அதற்குப் பிறகு 14 ஆட்டமும் தொடர்ந்து நூறு நூறாக ஓடி 2,053இல் முடித்தார். 1999 ஜூலையில், பேட்டனின் 16,726ஐத் தொட 1,457 யார்டே பாக்கி இருக்கும்போது, சொந்த ஊர் நாளிதழுக்கு ஒரு ஃபாக்ஸ் அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றார். கண்ணுக்கு அவரைப் போல் இன்னொருவர் இல்லை. ஆனாலும் பின்னோக்கிப் போய் யார்டு இழந்த ஓட்டங்களும் அவருக்கு அதிகம். ஓட்டத்தில் எடுத்த டச் டவுன் 99, ஸ்மித்துக்கு 164. ஒரே ஒரு சீசனுக்கு ஒருவரை எடு என்றால் சாண்டர்ஸ், பத்து வருடத்துக்கு அணி கட்டு என்றால் ஸ்மித். இது என் கட்சி.

குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) விஷயத்தில் சீசன் நீளத்தை விட விதி மாற்றம்தான் ஆளைக் கவிழ்க்கும். 1978க்கு முன்னால் நெடுங்காலம், பந்து கையை விட்டுப் போகும்வரை ரிசீவரை மைதானம் நெடுக இடித்து மறிக்கலாம். பிட்ஸ்பர்கின் மெல் பிளௌன்ட் அந்த வேலையில் மன்னன், அந்த விதிக்கே அவர் பெயர்தான் நிலைத்தது. 1978இலிருந்து பந்து வைக்கும் கோட்டிலிருந்து 5 யார்டுக்குள் மட்டும்தான் இடிக்கலாம் என்றானது. அதே வருடம் முன்வரிசை ஆட்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கவும் அனுமதி வந்தது. ரிசீவருக்கு இடம், குவார்ட்டர்பேக்குக்கு நேரம், இரண்டும் ஒரே நாளில் கிடைத்தன. 1967இல் ஜோ நேமத் 14 ஆட்டத்தில் 4,007 யார்டு வீசினார். அடுத்து ஒருவர் 4,000ஐத் தாண்ட 1979 ஆயிற்று, அது சான் டியகோவின் டான் ஃபௌட்ஸ். ஐந்து வருடம் கழித்து டான் மரீனோ 5,084 யார்டும் 48 டச் டவுனும் போட்டார்.

நேமத்தின் மொத்தக் கணக்கைப் பார்த்து நீ அதிர்ந்திருக்கிறாய்: 173 டச் டவுன், 220 இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பறிப்பது), பாஸர் ரேட்டிங் (வீச்சின் தரத்தைக் காட்டும் எண்) 65.5. இவருக்கு ஏன் 1985இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தார்கள் என்று கேட்கிறாய். அந்த ரேட்டிங் 1973இல் நடைமுறைக்கு வந்தது. 1960களின் வீச்சு விவரங்களை வைத்து, அன்றைய சராசரி 66.7 என்று வரும்படி அமைத்த சூத்திரம் அது. இன்றைய லீக் சராசரி 90ஐ ஒட்டி நிற்கிறது. எனவே 65.5 என்பது அன்றைக்கு நடுத்தரம், இன்றைக்குத்தான் படுமோசம். அன்று நீளமாக வீசினார்கள், அதிகம் பறிகொடுத்தார்கள். ஒரு குவார்ட்டர்பேக்கின் ரேட்டிங்கிலிருந்து அந்த வருட லீக் சராசரியைக் கழித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. இருந்தாலும் சொல்கிறேன், நேமத்தை உள்ளே கொண்டுபோனதில் ஒரு பெரிய பங்கு மூன்றாவது சூப்பர் பௌலில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டம்) பால்டிமோர் கோல்ட்ஸை வென்றதற்கு உண்டு. வெறும் எண்களில் அவர் எல்லைக்கோட்டில் நிற்பவர்தான்.

இதே காரணத்தால்தான் டிக் 'நைட் டிரெய்ன்' லேனின் சாதனை இன்னும் சாகாமல் இருக்கிறது. 1952இல், முதல் சீசனிலேயே, 12 ஆட்டத்தில் 14 இன்டர்செப்ஷன். இன்று 17 ஆட்டம் கொடுத்தாலும் யாரும் தொடவில்லை, ஏனென்றால் வீசுபவர்கள் இப்போது அவ்வளவு தாராளமாகப் பறிகொடுப்பதில்லை. பால் கிராஸின் 81 என்ற மொத்தச் சாதனையும் அப்படியே.

பாதுகாப்பு ஆட்டக்காரர்களுக்கு வந்தால் இன்னொரு தொல்லை: கணக்குப்பிள்ளை எப்போது வேலைக்கு வந்தார் என்று பார்க்க வேண்டும். குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கும் 'சாக்' 1982இலிருந்துதான் லீக்கின் அதிகாரபூர்வக் கணக்கு. அதனால் அந்தச் சொல்லைப் பிரபலமாக்கிய டீக்கன் ஜோன்ஸுக்கு ஏட்டில் ஒன்றுகூடக் கிடையாது. பழைய ஆட்டப் பதிவுகளைத் தோண்டிய ஆய்வாளர்கள் அவருக்குக் கொடுப்பது 173.5. லாரன்ஸ் டெய்லருக்கு நீ எழுதியிருக்கும் 132.5இல் 1981இல் எடுத்த 9.5 இல்லை, சேர்த்தால் 142. முதலிடத்தில் புரூஸ் ஸ்மித், 279 ஆட்டத்தில் 200. இரண்டாவது ரெஜி வைட், 232 ஆட்டத்தில் 198. வைட் அதற்கு முன்னால் யு.எஸ்.எஃப்.எல். என்ற போட்டி லீக்கில் மெம்ஃபிஸுக்காக எடுத்த 23.5 இதில் சேராது. 1987இல் 12 ஆட்டத்தில் 21 சாக் எடுத்தவர் அவர். புரூஸ் ஸ்மித்துக்கு மேலே வைட் என்று தயங்காமல் எழுது.

டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) எண்ணிக்கையைத் தொடவே தொடாதே. அது இன்றுவரை அதிகாரபூர்வக் கணக்கில்லை, உள்ளூர் மைதானத்து எழுத்தர் கையில் இருப்பது. ஒருவர் தாராளம், இன்னொருவர் கஞ்சம்.

முன்வரிசைத் தடுப்பாளர்களை நீ ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு எண் இல்லை என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது. எண் இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. கிளீவ்லேண்டின் ஜோ தாமஸ் 2007இல் சேர்ந்த நாளிலிருந்து 2017 அக்டோபரில் கையின் பின்தசை கிழியும்வரை தொடர்ந்து 10,363 ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும்), ஒன்றுகூட விடாமல். அவர் காலத்தில் அணி ஒரு பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் வரும் நாக்-அவுட் சுற்று) ஆட்டம்கூட ஆடவில்லை, இருந்தும் 2023இல் வாய்ப்புக் கிடைத்த முதல் வருடமே உள்ளே போனார். ஹூஸ்டன் ஆயிலர்ஸ், பிறகு டென்னஸி டைட்டன்ஸ் அணியின் புரூஸ் மேத்யூஸ் 19 சீசனில் 296 ஆட்டம், முன்வரிசையின் ஐந்து இடத்திலும் ஆடியவர், தொடர்ந்து 14 முறை ப்ரோ பௌல் (வருடாந்தர நட்சத்திர ஆட்டக்காரர் தேர்வு).

ப்ரோ பௌல் எண்ணிக்கையிலும் ஒரு எச்சரிக்கை. அதில் ரசிகர் ஓட்டு கலந்திருக்கிறது. காயம் என்றும் சூப்பர் பௌல் இருக்கிறது என்றும் பலர் விலக, மாற்று ஆட்களும் அந்தப் பெயரைப் பெற்றுவிடுகிறார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒவ்வொரு வருடமும் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் எத்தனை முறை என்று பார், அதுதான் கறாரானது. ரைஸ் 10 முறை, பிரவுன் 8.

ஆட்ட வாழ்க்கை மொத்தம் என்று அச்சிடுவதில் பிளேஆஃப் சேராது என்பதையும் மறந்துவிடாதே. டென்வரின் டெரல் டேவிஸுக்கு 78 ஆட்டத்தில் 7,607 யார்டுதான், முழங்கால் அவரை முடித்துவிட்டது. ஆனால் 8 பிளேஆஃப் ஆட்டத்தில் 1,140 யார்டு, 12 டச் டவுன், அதில் 7 வெற்றி. அந்த எட்டு ஆட்டம்தான் 2017இல் கதவைத் திறந்தது. கேல் சேயர்ஸ் 68 ஆட்டம்தான் ஆடினார், 34 வயதில் சேர்த்தார்கள்.

ஓட்டெடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடைசி ஆட்டத்துக்குப் பிறகு ஐந்து சீசன் காத்திருக்க வேண்டும். பிறகு இறுதிச் சுற்றில் 15 பேர், 80 சதவீத ஓட்டு வேண்டும். முன்பு 15ஐ 10 ஆக்கி, 5 ஆக்கி, அந்த ஐந்து பேருக்கும் தனித்தனியே ஆம், இல்லை என்று ஓட்டுப் போட்டார்கள். அநேகமாக ஐவரும் தேறிவிடுவார்கள். 2025 தொகுதியிலிருந்து 15, 10, 7 என்று குறைத்து, அந்த ஏழு பேரில் ஐந்து பேரைக் குறிக்கும்படி ஓட்டுப் போடும் ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்: ஏழில் ஐந்து என்றால் ஒருவருக்குச் சராசரி 71 சதவீதம். 80 வேண்டும். எல்லோரும் சம அளவு தகுதியானவர்கள் என்றால் ஒருவரும் 80ஐத் தொடமாட்டார். நெடுநாள் முன்பு ஓய்வு பெற்ற மூத்த ஆட்டக்காரர், பயிற்சியாளர், பங்களிப்பாளர் என ஐவரை ஒரே கூட்டில் போட்டு மூன்று பேரைக் குறிக்கச் சொன்ன பிரிவு இன்னும் மோசம், சராசரி 60. விளைவு, அந்த வருடம் மொத்தமே நான்கு பேர்: அன்டோனியோ கேட்ஸ், ஜேரட் ஆலன், எரிக் ஆலன், மூத்தோர் பிரிவில் ஸ்டெர்லிங் ஷார்ப். அந்தக் கூட்டில் விடுபட்டவர்களில் ரால்ஃப் ஹேயும் ஒருவர். 1920 செப்டம்பர் 17 அன்று இந்த லீக்கைத் தொடங்கிய கூட்டம் நடந்தது கான்டனில் அவருடைய கார் ஷோரூமில்தான்!

மூத்தோர் பிரிவுக்கு இது நல்லதல்ல. சின்சினாட்டியின் கென் ரைலி 65 இன்டர்செப்ஷன் எடுத்தவர், 2020இல் இறந்தார், 2023இல்தான் சேர்த்தார்கள்.

பட்டியலைத் திருத்தி எழுதும்போது இரண்டாம் இட எண், ஆட்டத்துக்குச் சராசரி, ஆல்-ப்ரோ எண்ணிக்கை, பிளேஆஃப் நான்கையும் தனித்தனிப் பத்தியாகப் போட்டு அனுப்பு. கூடவே, டெவின் ஹெஸ்டர் பற்றி உன் கட்சி என்ன என்றும் எழுது. எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடி 20 டச் டவுன் எடுத்தார் என்பதற்காகவே 2024இல் சேர்த்தது எனக்குச் சரியாகத்தான் படுகிறது, நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும்.

அன்புடன்,
ரகு