பூச்சி போன பிறகும் போகாத வயிற்றுவலி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. கல்பனா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். நான் ஓய்வு பெற்றும் காலை வேளையில் தெருமுனை லேப்பில் போய் உட்காருகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

கடைசியில் உன் வயிற்றைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தாயே, அதுதான் மனதை விட்டுப் போகவில்லை. பஸ் ஏறுவதற்கு முன் கழிவறை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, கல்யாண வீட்டில் கை நனைக்கவே பயம், டாக்டர் "எல்லாம் மனப்பிரமை" என்றுவிட்டார் என்கிறாய். மனப்பிரமை இல்லை, வசந்தா. காசியிலிருந்து வந்து மூன்று வாரம் வயிற்றுப்போக்கும் பொருமலும் நாற்ற ஏப்பமுமாகக் கிடந்தாய். மோஷன் டெஸ்டில் ஜியார்டியா என்று, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு குடல் ஒட்டுண்ணிக் கிருமி என்று வந்ததை நீயே போனில் படித்துக் காட்டினாய். உன் தொல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நார்வேயில் பெர்கன் என்று ஒரு ஊர். 2004 இலையுதிர் காலத்தில் ஊருக்குக் குடிநீர் தரும் ஏரியில் கழிவுநீர் கலந்து ஜியார்டியா பரவியது. தண்ணீரில் குளோரின் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் இந்தக் கிருமியின் சிஸ்ட், அதாவது கெட்டி ஓட்டுக்குள் அடங்கியிருக்கும் நிலை, குளோரினுக்கு எளிதில் அசையாது. லேப்பில் உறுதியானவர்களே 1,200 பேருக்கு மேல். அங்கே உள்ளூரில் பெரும்பாலும் பார்க்காத நோய் என்பதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகிவிட்டது. பெர்கன் டாக்டர்கள் மருந்து கொடுத்ததோடு நிற்காமல், அந்த நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து விசாரித்தார்கள். மூன்று வருடம் கழித்து அவர்களில் 100க்கு 46 பேருக்கு ஐபிஎஸ் தொல்லை, அதாவது வயிற்றுவலியும் மலப்போக்கு மாற்றமும் நீடிக்கும் குடல் தொல்லை, இருந்தது. ஜியார்டியா வராத அதே ஊர்க்காரர்களிடம் 100க்கு 14 பேருக்குத்தான். பத்து வருடம் கழித்துக் கேட்டபோதும் வந்தவர்களில் 100க்கு 43 பேர், வராதவர்களில் 14 பேர். பலருக்குத் தீராத அசதியும் இருந்தது. இத்தனைக்கும் பெரும்பாலானவர்கள் உடம்பில் கிருமி எப்போதோ போய்விட்டது!

கிருமி போனாலும் சிலருக்குக் குடல் பழையபடி ஆவதில்லை. உள்சுவரில் அழற்சி கொஞ்சம் மிச்சமிருக்கும், நரம்புகள் கூர்மையாகிவிடும், சாதாரணமாக நகரும் வாயுவே வலியாகத் தெரியும் என்கிறார்கள். நம் ஊரில் சின்ன வயதிலேயே பலருக்கு ஜியார்டியா வந்து போகிறது. அதனால் பெர்கன் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் உனக்கு நடந்தது அதேதான் என்று நம்புகிறேன்.

அப்புறம், அந்த மாத்திரை விஷயம். ரிப்போர்ட்டில் "அமீபா சிஸ்ட்" என்று வரும்போதெல்லாம் மெட்ரோனிடசோல் கோர்ஸ் போடுகிறாய் என்று படித்ததும் பதறிவிட்டேன். ஒரு சொட்டு அயோடின் விட்டு, கண்ணாடித்துண்டை மூடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஜியார்டியா சிஸ்ட் முட்டை வடிவில், உள்ளே நாலு உட்கருவோடு பளிச்சென்று தெரியும். அதில் குழப்பம் குறைவு. அமீபா அப்படியில்லை. சீதபேதி உண்டாக்கும் ஹிஸ்டோலிடிகாவும், ஒன்றும் செய்யாத டிஸ்பாரும் சிஸ்டாக இருக்கும்போது அச்சு அசல் ஒரே மாதிரி. கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜன் டெஸ்டோ, மரபணுவைத் தேடும் பிசிஆரோ செய்தால்தான் எது என்று சொல்ல முடியும். ரிப்போர்ட்டில் பிளாஸ்டோசிஸ்டிஸ் என்று இன்னொரு குடல் ஒட்டுண்ணியின் பெயர் வந்தாலும் பயப்படாதே, வயிறு நன்றாக இருப்பவர்களிடமும் அது சகஜம். மெட்ரோனிடசோலைத் திரும்பத் திரும்ப, நாள் கணக்கில் போட்டால் கால் நரம்பு மரத்துப்போகக்கூடும். காலில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது என்று நீ எழுதியிருப்பதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் புழு மாத்திரையை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாயாம். அந்த ஒற்றை அல்பெண்டசோல் குடற்புழுவுக்கானது, ஜியார்டியாவை ஒழிக்கப் போதாது.

முதலில் இன்னும் ஜியார்டியா இருக்கிறதா என்று சரியாகப் பார். சிஸ்ட் தினமும் வெளியேறாது, அதனால் வேறு வேறு நாளில் மூன்று மாதிரி கொடு. ஆன்டிஜன் டெஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. பால் காபியை இரண்டு வாரம் நிறுத்திப் பார். ஜியார்டியாவுக்குப் பிறகு பலருக்குக் கொஞ்ச காலம் பால் ஒத்துக்கொள்ளாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. நம் வயதில் புதிதாக வந்த வயிற்றுத் தொல்லையை ஐபிஎஸ் என்று முத்திரை குத்திவிட்டு இருந்துவிடக் கூடாது. எடை குறைகிறதா, மலத்தில் ரத்தம் தெரிகிறதா, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருக்கிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு? இதில் ஒன்று இருந்தாலும், ஹீமோகுளோபின் குறைவாக இருந்தாலும், கொலோனோஸ்கோபி (குழாய்க் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) பற்றிக் கேள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு நல்ல குடல் சிறப்பு மருத்துவரைப் பார்த்துவிடு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், நான் கிளம்பி வருகிறேன். குழந்தையையும் பார்த்த மாதிரி இருக்கும்.

பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மல்லிகா