சிலையில் குடும்பமும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊரில் பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும், தொழிலாளிக்குச் சிலை வைக்கப்போவதாகத் தங்கள் நாளிதழில் படித்து மகிழ்ந்தேன். ஆனால், கத்தியும் வாளியுமாக ஓர் ஆள் மட்டும் நின்றால் அது பாதிக் கதைதான். 1942-43இல் சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் மரண ரயில் பாதை போட, அப்போது மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் இங்குள்ள தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவே இல்லை. அந்தப் பயம் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது. தாத்தாவை லாரியில் ஏற்றியதைப் பார்த்த என் பாட்டி, கடைசிவரை லாரிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளுவார். அப்போது கைக்குழந்தையாக இருந்த அம்மாவும் எங்களை அப்படியேதான் வளர்த்தார்.

சிற்பி, களிமண்ணில் கை வைக்கும் முன் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பெரியவர்களுடன் உட்கார்ந்து பேசட்டும். காத்திருந்த மனைவிக்கும் பிள்ளைக்கும் அதே பீடத்தில் இடம் தர மாவட்ட மன்றம் ஆவன செய்ய வேண்டும்.

- வாசகி, பேராக், மலேசியா