ஓடு மாற்றிய நண்டு

அன்புள்ள மணி,

நலம். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

மூன்றாம் ஆண்டு ஆய்வகத்தில் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? "நண்டுக்கு என்னடா கவலை, ஓட்டைக் கழற்றினால் உடம்பில் சேர்ந்த அழுக்கெல்லாம் கூடவே போயிடும்" என்றாய். குட்டை பாஸ்கர் வழக்கம்போல உன் பக்கம். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நீ சொன்னது பாதி சரி. ஓட்டில் சேர்ந்த உலோகம் ஓட்டோடு போகிறது. ஆனால் போன வாரம் ஒரு நண்டின் மேலோட்டைத் தூக்கிப் பார்த்தேன். பழுப்பு மஞ்சளாய்க் குழைந்து கிடந்தது அதன் செரிமானச் சுரப்பி. நமக்குக் கல்லீரலும் கணையமும் செய்கிற வேலையை அது ஒன்றே செய்கிறது. காட்மியம் என்ற நச்சு உலோகம் போய்த் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். மெட்டலோதயோனின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நண்டு பிழைத்துக்கிடக்கிறது, விஷமும் கூடவே கிடக்கிறது. முன்பு மின்கருவிகளில் பயன்படுத்திய, கொழுப்பில் கரையும் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் சேர்வதும் அதே சுரப்பியில். சட்டையை மாற்றினால் ஈரல் மாறுமா மணி?

இதைவிட என்னை உலுக்கியது வேறு. ஓடு கழன்றதும் உடம்பு மெத்தென்று இருக்கும். புது ஓடு இறுகக் கால்சியம் வேண்டும், அதைச் செவுள் வழியே கடல்நீரிலிருந்து அவசர அவசரமாக இழுக்கும். காட்மியம் அயனி அளவிலும் மின்னூட்டத்திலும் கால்சியத்தைப் போலவே இருப்பதால், அதே வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிடுகிறது. அழுக்கு போகிறது என்று நீ நினைத்த அந்த வேளையில்தான் அது கூடுதலாக ஏறுகிறது!

ஆழ்கடலிலாவது தப்புமா என்றால் அதுவும் இல்லை. பசிபிக் கடலடியின் மரியானா அகழியில் 10,000 மீட்டர் ஆழம் வரை பொறிவைத்துப் பிடித்த, இறால் போன்ற ஆம்பிபாட்களை ஆராய்ந்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். சீனாவின் லியாவ் ஆற்று நீர் பாயும் நெல்வயல் நண்டுகளில் இருப்பதைவிட 50 மடங்கு பிசிபி. மேலிருந்து மூழ்கி வரும் செத்த உடல்களைத் தின்பதுதான் அந்தச் சின்னப் பிராணியின் பிழைப்பு. பல நாடுகள் பிசிபியைத் தடைசெய்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த மாதம் ஒரே நண்டின் கழற்றிய ஓட்டையும் சுரப்பியையும் தனித்தனியே அளக்கப்போகிறேன். கணக்கு வந்ததும் எழுதுகிறேன். பாஸ்கர் முகவரி இருந்தால் அனுப்பு. அவனுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
ரவி