மாமா கேட்ட குழாய்

எல்வரும், நோர்வே
ஒக்டோபர் 18

அன்புள்ள மாமாவுக்கு,

மாமியின் குரல் பதிவு கிடைத்தது. கொக்கட்டிச்சோலையில் மழை தொடங்கிவிட்டதாம், வட்டையில் விதைப்பும் முடியப் போகிறதாம். சந்தோசம். என் படத்தைப் பார்த்துவிட்டு, "துவக்குக்கு மேல என்னகா அது குழாய், அதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டீர்களாம். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் மாமி பறித்துவிடுவா. அதனால் எழுதுகிறேன்.

அது ஸ்கோப், தூரத்தில் நிற்பதைப் பெரிதாகக் காட்டிக் குறி வைக்க உதவும் கண்ணாடிக் குழாய். பரணில் இருந்துகொண்டு முப்பது யார் தூரத்துப் பன்றிக்கு வைக்கும் உங்கள் துவக்குக்கு அது தேவையில்லை. இங்கே நாங்கள் போவது எல்க்குக்கு. நம்முடைய மரைக்குச் சொந்தக்காரன், ஆனால் பெரிய கடா தோளளவிலேயே 2 மீற்றர் வரை நிற்கும். செப்டெம்பர் 25இல் வேட்டை திறக்கும். அதற்கு முன் ஒவ்வொரு வருடமும் 30 வெடி பழக வேண்டும், பிறகு சோதனை. 100 மீற்றரில் நிற்கும் மான் படத்தில் 5 வெடியும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒரு தோட்டாவை இரண்டு போகத்துக்குப் பொத்தி வைத்த ஆள் நீங்கள், சிரிப்புத்தான் வரும்.

முதல் வருடம் நான் ஏமாந்தேன். 16 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 50 மில்லிமீற்றர் என்று ஒன்றை மலிவாக வாங்கினேன். இரண்டு நாள் விடாத மழை, மூன்றாம் நாள் விடிய உறைகுளிர். அறுபது மீற்றரில் எல்க் வந்து நின்றது. கண்ணை வைத்தேன், உள்ளே பால் ஊற்றினது போல வெள்ளை. சாரத்தால் துடைத்துப் பயனில்லை மாமா, ஆவி படிந்தது உட்பக்கம். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆறுதலாக நடந்து போனது.

நல்ல ஸ்கோப்பில் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜனோ ஆர்கனோ அடைத்து மூடியிருப்பார்கள். ஈரம் இல்லாவிட்டால் உள்ளே ஆவி படியாது. ஆனால் மூடி கசிந்தால் அதுவும் போச்சு.

இப்போது வைத்திருப்பது பழையது ஒன்று, 6க்கு 42, அதாவது 6 மடங்கு, முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர். மடங்கை மாற்ற முடியாது, அதனால் உள்ளே அசையும் சாமான் குறைவு. 42ஐ 6ஆல் வகுத்தால் 7. கண்ணுக்கு வரும் வெளிச்ச வட்டம் அந்த 7 மில்லிமீற்றர். இருட்டில் இளம் கண்ணின் பாவை விரிவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். முந்தினதில் 16 மடங்கில் 3 சொச்சம். மைம்மல் வெளிச்சத்தில் எது உதவும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்க் கிட்ட வந்துவிட்டால் கண்ணாடி முழுக்க மயிர்தான் தெரியும், அது ஒரு குறை.

ஆனால் விலையெல்லாம் கண்ணாடியில் இல்லை என்று பிறகுதான் விளங்கியது. போன வருடம் ஈரப்பாறையில் சறுக்கி விழுந்தேன். ஸ்கோப்பில் ஒரு கீறல்தான். சுட்டுப் பார்த்தால் 100 மீற்றரில் வெடி ஒரு சாண் இடப்பக்கம் போகிறது! எங்கள் குழுவில் ஒரு கிழவர் இருக்கிறார். அவர் கண்ணாடியைத் தொடவே இல்லை. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தை விரலால் அசைத்துக் காட்டினார், ஆணி இளகியிருந்தது. நான் கைக்கு வந்தபடி முறுக்கிய ஆணி. அளவு காட்டும் முறுக்கியால் இறுக்கித் தந்து, வீட்டில் நகப்பூச்சு இருக்கிறதா என்று கேட்டார். இவளின் சிவப்புக் கியூடெக்ஸால் ஆணித்தலையிலிருந்து வளையம் வரை ஒரு கோடு. கோடு முறிந்தால் ஆணி அசைந்துவிட்டது என்று அர்த்தம். படத்தில் நீங்கள் பார்த்த சிவப்பு அதுதான், இரத்தம் இல்லை என்று மாமிக்குச் சொல்லுங்கள்.

ஸ்கோப் சரியா என்று பார்க்காமல் சுட்டு எல்க்கைக் காயப்படுத்தினால் நாயோடு தேடிப் பிடித்து முடிக்க வேண்டும், இங்கே அது சட்டம்.

இந்த வருட எல்க் இறைச்சிப் பங்கு வந்துவிட்டது. வறுத்த தூளும் தேங்காய்ப் பாலும் போட்டு இவள் மரைக்கறி போலவே சமைத்தாள். இறைச்சி கொஞ்சம் கடினம். உன்னிச்சைப் பக்கம் ஆனை இறங்கியிருக்கிறதாமே, இரவில் வாடிக்குத் தனியப் போக வேண்டாம். நல்ல தலை லைட் ஒன்று மச்சானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்