கிரெய்ட் கப்பலைப் பற்றிக் கயல்விழி அவர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்விழி அவர்களுக்கு,

வணக்கம். சிட்னியில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் கிரெய்ட் கப்பலைப் பார்த்ததாகவும், சிங்கப்பூரில் உங்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அதை வைத்து ஒரு வரலாற்றுப் பாடம் நடத்த விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஜப்பானியர் வசமிருந்த சிங்கப்பூர்த் துறைமுகத்துக் கப்பல்களின் மீது 1943 செப்டம்பரில், கிரெய்ட்டில் சென்றவர்கள் நடத்திய தாக்குதலை மட்டும் சொன்னால் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது என்பதே என் கருத்து. அந்தத் தாக்குதலுக்கு முன்னும் பின்னும் அந்தச் சிறு துணைக் கப்பல் செய்த பணியையும், தாக்குதலுக்காகச் சிங்கப்பூர் மக்கள் பட்ட துன்பத்தையும் விட்டுவிட்டுச் சொல்லப்படும் கதை, வீரக்கதையாக இருக்கலாமே தவிர வரலாறாக இருக்காது. அதனால்தான் உங்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1934இல் ஜப்பானில் கட்டப்பட்டபோது அதன் பெயர் கோஃபுகு மாரு. ஏறத்தாழ 21 மீட்டர் நீளமும் மூன்றரை மீட்டருக்கும் குறைவான அகலமும் கொண்ட அந்த மரக்கலம், சிங்கப்பூர்க் கடற்பகுதியில் மீன்பிடிப் படகுகளுக்குத் துணையாக ஓடிக்கொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானுடன் போர் மூண்டதும் நேச நாட்டினர் அதைக் கைப்பற்றினர். அடுத்த சில வாரங்களில் அது செய்த வேலைதான் அதன் பணிக்காலத்திலேயே மிகப் பெரியது என்று நான் கருதுகிறேன். ஆனால் பெரும்பாலானோர் அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, அங்கிருந்து தப்பிய கப்பல்கள் பல சுமாத்திராவின் கிழக்குக் கரையை ஒட்டிய கடலில் குண்டுவீச்சுக்கு இரையாகி மூழ்கின. உயிர் பிழைத்தவர்கள் காயத்தோடும் பசியோடும் ஆங்காங்கே தீவுகளில் ஒதுங்கிக் கிடந்தார்கள். பில் ரெனால்ட்ஸ் என்ற ஆஸ்திரேலியர், சீன மாலுமிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தீவு தீவாகச் சென்று அவர்களை இந்தக் கப்பலில் ஏற்றிச் சுமாத்திராவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்படிக் கரை சேர்ந்தவர்கள் 1,100 பேருக்கு மேல் என்று பதிவுகள் சொல்கின்றன. உங்கள் மாணவர்களிடம் அந்தக் கப்பலின் நீள அகலத்தை வகுப்பறைத் தரையில் அளந்து காட்டச் சொல்லிவிட்டு, பிறகு இந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

சுமாத்திராவும் கைவிட்டுப் போன பிறகு, ரெனால்ட்ஸ் கப்பலோடு இந்தியாவுக்குத் தப்பி வந்தார். சுமாத்திராவில் அவரைச் சந்தித்திருந்த ஐவன் லையன் என்ற பிரித்தானியப் படை அதிகாரிக்கு, சந்தேகத்துக்கு இடமில்லாத இப்படியொரு மீன்பிடிக் கலத்திலேயே சிங்கப்பூர்த் துறைமுகத்தை நெருங்கிவிடலாம் என்ற எண்ணம் உதித்தது. கட்டுவிரியன் பாம்பின் பெயரான கிரெய்ட் என்பது அந்தக் காலத்தில் சூட்டப்பட்டதே. கப்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1943 ஜனவரியில் சிட்னிக்கு வடக்கிலிருந்து புறப்பட்டது. ஆனால் அதன் பழைய இயந்திரம் வழியிலேயே திரும்பத் திரும்பப் பழுதாகி, திட்டத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போட வைத்தது. கெய்ர்ன்ஸ் நகரில் புதிய கார்ட்னர் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்ட பிறகே கப்பல் நம்பத்தக்கதாயிற்று. அந்த இயந்திரமும் மணிக்கு ஆறு, ஆறரை கடல் மைல் வேகத்துக்கு மேல் தரவில்லை. ஆனால் நடுவில் எங்கும் எரிபொருள் நிரப்பாமல் போய்வரும் தொலைவைத் தந்தது. வேகத்தைவிட அதுதான் தேவைப்பட்டது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து புறப்படும் தறுவாயில் ப்ரொப்பெல்லர் தண்டு முறிந்தது. அங்கே நின்றிருந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பலான சான்டிக்ளியரின் பணியாளர்கள் அதை ஒட்டவைத்துக் கொடுத்தார்கள். இது தற்காலிக ஏற்பாடுதான் என்ற எச்சரிக்கையோடுதான் கொடுத்தார்கள். 1943 செப்டம்பர் 2ஆம் நாள், ஒட்டுப்போட்ட அந்தத் தண்டை நம்பி 14 பேர் எதிரியின் கடலுக்குள் புறப்பட்டார்கள். கப்பலைச் செலுத்தியவர் டெட் கார்ஸ். இயந்திரம் மக்டவல் என்பவரின் பொறுப்பில் இருந்தது. லையனின் பெயர் தெரிந்தவர்களுக்குக்கூட இவ்விருவர் பெயரும் தெரிவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தமே. நடுக்கடலில் இயந்திரம் நின்றிருந்தால் லையனின் துணிவால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

பாலிக்கும் லொம்போக் தீவுக்கும் இடைப்பட்ட நீரிணையை இரவோடு இரவாகக் கடந்துவிட நினைத்தார்கள். அங்கே எதிர் நீரோட்டம் கப்பலின் வேகத்துக்குச் சமமாக, சில வேளைகளில் அதற்கும் மேலாக ஓடியது. முழு விசையில் இயந்திரத்தை ஓட்டியும், இரண்டு பக்கமும் எதிரி இருக்கும் அந்த இடுக்கில் கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. சில நேரம் பின்னுக்கும் போனது. விடிந்த பிறகே அதைத் தாண்ட முடிந்தது. அந்தப் பயணத்தில் ஜப்பானியக் கொடியை ஏற்றினார்கள். உடலில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு, கைலி கட்டிக்கொண்டார்கள். ஐரோப்பியர் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும் எந்தக் குப்பையும் நீரில் மிதந்துவிடக் கூடாது என்பதற்காக, அதைத் தகர டப்பாக்களில் அடைத்து மூழ்கடித்தார்கள். கழிவறைத் தாளுக்குக்கூடத் தடை இருந்தது.

செப்டம்பர் 18ஆம் நாள் லையன், டேவிட்சன், பேஜ், ஃபால்ஸ், ஹூஸ்டன், ஜோன்ஸ் ஆகிய ஆறு பேரும் மூன்று மடக்குப் படகுகளோடு, சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள ரியாவ் தீவுகளில் ஒன்றில் இறங்கினார்கள். அங்கிருந்து தீவு தீவாகத் துடுப்பு வலித்து நெருங்கி, செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, துறைமுகத்திலும் அதன் சுற்றுவட்டத்திலும் நின்றிருந்த கப்பல்களின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்குக் கீழே, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் லிம்பெட் வெடிகளைப் பொருத்தினார்கள். ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன என்று அவர்கள் கணக்கிட்டார்கள். போருக்குப் பின் கிடைத்த ஜப்பானியப் பதிவுகளைப் பார்த்தால் உண்மையான இழப்பு அதைவிடக் குறைவு. சேதமடைந்தவற்றில் சில பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் ஓடின. பாடத்தில் எண்ணிக்கையைச் சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் கதை சொல்பவர்கள் எல்லோரும் மடக்குப் படகுகளின் பின்னே போய்விடுகிறார்கள். கிரெய்ட் அவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆறு பேரை இறக்கிவிட்ட கப்பல், ஓரிடத்தில் நங்கூரமிட்டால் சந்தேகம் வரும் என்பதால், எட்டுப் பேரோடு போர்னியோ கரைப் பக்கமாக இரு வாரம் அலைந்தது. கரையில் யாரேனும் பிடிபட்டிருந்தால், கப்பல் திரும்பிவரும் இடமும் நாளும் எதிரிக்குத் தெரிந்திருக்கும். அது தெரிந்தும், குறித்த நாளில், அக்டோபர் முதல் தேதி நள்ளிரவை ஒட்டி, கார்ஸ் கப்பலைப் பொம்போங் தீவுக்குக் கொண்டுவந்தார். முதலில் டேவிட்சனும் ஃபால்ஸும் ஏறினார்கள். மற்ற நால்வரையும் காணவில்லை. கப்பல் விலகிப் போய், மறுநாள் இரவு மீண்டும் அதே இடத்துக்கு வந்து அவர்களையும் ஏற்றிக்கொண்டது. என்னைக் கேட்டால், துறைமுகத்துக்குள் துடுப்பு வலித்ததற்குச் சற்றும் குறையாத துணிவு இது. திரும்பும் வழியில், அதே லொம்போக் நீரிணையில், ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று மிக அருகில் வந்து சிறிது தொலைவு கூடவே ஓடிவிட்டு, எதுவும் கேட்காமல் விலகிப்போனது. அக்டோபர் 19ஆம் நாள் 14 பேரும் உயிரோடு எக்ஸ்மவுத் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் அதற்கு ஒன்பது நாள் முன்பே சிங்கப்பூரில் பழிவாங்கல் தொடங்கிவிட்டது. தாக்கியவர்கள் கடல் வழியாக வெளியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பது ஜப்பானியருக்குத் தோன்றவில்லை. சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஐரோப்பியக் குடிமக்களும் நகரத்தில் அவர்களுக்கு உதவியவர்களும் சேர்ந்து செய்த சதி இது என்று ஜப்பானிய இராணுவக் காவல்படையான கெம்பெய்தாய் முடிவுகட்டியது. அக்டோபர் 10 கைதுகளில் சிக்கிய 57 பேர் மாதக்கணக்கில் வதைக்கப்பட்டார்கள். அவர்களில் 15 பேர் இறந்தார்கள். பேராயர் லெனார்ட் வில்சனும் வதைபட்டவர்களில் ஒருவர். மருத்துவமனையில் சிற்றுண்டிச்சாலை நடத்தி, சிறைப்பட்டோருக்குப் பொருளும் செய்தியும் கொண்டுசேர்த்த எலிசபெத் சோயும் அவருடைய கணவரும் பிடிக்கப்பட்டார்கள். எலிசபெத் ஏறத்தாழ 200 நாள் அடைத்துவைக்கப்பட்டு, மின்னதிர்ச்சி உள்ளிட்ட சித்திரவதைக்கு ஆளானார். இவர்களில் யாருக்கும் கிரெய்ட் என்ற பெயர்கூடத் தெரியாது. மறுபடியும் இதே போல் ஒரு தாக்குதல் நடத்தலாம் என்ற எண்ணத்தில் நேச நாட்டினர் தங்கள் வெற்றியை வெளியே சொல்லாமல் மறைத்தார்கள். போர்த் தந்திரம் என்ற அளவில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் சாங்கியிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு, தாங்கள் செய்யாத செயலை இல்லையென்று நிறுவ வழியே இல்லாமல் போனது. சில கப்பல்களை மூழ்கடித்ததற்கு இது தகுந்த விலையா என்ற கேள்வியை மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். தகுந்த விலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே வேளையில், அந்த ஆறு பேரும் இந்த விளைவை முன்கூட்டி அறிந்திருந்தார்கள் என்று குற்றம் சுமத்தவும் என் மனம் ஒப்பவில்லை.

1944இல் லையன் மீண்டும் சிங்கப்பூரைத் தாக்கச் சென்றபோது கிரெய்ட் போகவில்லை. ரிமாவ் என்ற அந்த நடவடிக்கையில் சென்ற 23 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கிரெய்ட்டில் போய்வந்த 14 பேரில் ஆறு பேர் அதில் மாண்டார்கள். பேஜும் ஃபால்ஸும் 1945 ஜூலை 7ஆம் நாள் சிங்கப்பூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்ட பத்துப் பேரில் இருந்தார்கள். 1,100 பேரைக் காப்பாற்றிய ரெனால்ட்ஸ் வேறொரு பணியில் பிடிபட்டு, 1944இல் போர்னியோவின் பலிக்பாபனில் கொல்லப்பட்டிருந்தார். கப்பலோ 1944இல் முறைப்படி ஆஸ்திரேலியக் கடற்படையில் சேர்க்கப்பட்டு, டார்வினை மையமாகக் கொண்டு சில்லறைப் பணிகள் பார்த்தது. 1945இல் இந்தோனேசியாவின் ஆம்போனில் ஜப்பானியர் சரணடைந்தபோது அங்கே இருந்தது. பிறகு விற்கப்பட்டுப் போர்னியோவில் மரத் தொழிலில் உழைத்தது. 1964இல் ஆஸ்திரேலிய மக்கள் நிதி திரட்டி அதை மீட்டு வந்தார்கள்; இப்போது அது ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் உடைமை.

பாடத்துக்கு ஒரு யோசனை. அந்தக் கைதிகளை வதைத்த கெம்பெய்தாயினர் மீதான அக்டோபர் 10 வழக்கு 1946 மார்ச்சில் சிங்கப்பூர் உச்ச நீதிமன்றக் கட்டடத்தில்தான் தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 21 பேரில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கட்டடம் இப்போது சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. உங்கள் பள்ளியிலிருந்து மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வது சிட்னிக்கு அழைத்துச் செல்வதைவிட எளிது. ரெனால்ட்ஸ் பற்றிய பகுதியையும் கைதுகள் பற்றிய பகுதியையும் அங்கே வைத்து நடத்திவிட்டு, தாக்குதலை வகுப்பறையில் வரைபடத்தோடு சொல்லிக்கொடுங்கள். கப்பல் போய்வந்த பாதையை வரைபடத்தில் குறிப்பதில் ஐயம் இருந்தால் எழுதுங்கள்; நான் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்